ஐந்தாம் திருவிழா

மே 4, சனி

விஞ்ஞாபனம் அடிக்கும் காலம் வந்துவிட்டது. எங்கள் அம்மன் கோயில் தொடங்கிய நாளிலிருந்து திருவிழா அழைப்பிதழைக் கணினியில் அடித்துக் கொடுப்பவள் நான்தான். இந்த நோர்வேஜிய நகரத்தில் இருபது வருடத்துக்கு முன்பே தமிழ்த் தட்டச்சுப் பழகிய ஒரே பாவி நான் என்பதால் கிடைத்த பதவி. ஒரு நன்றி கிடையாது. பிழை விட்டால் மட்டும் பத்துப் பேர் தொலைபேசி எடுப்பார்கள். போன வருடம் ‘தீர்த்தம்’ என்பதில் ஒரு புள்ளி விடுபட்டதற்குக் கனடாவிலிருந்துகூட ஒருவர் எடுத்தார்.

பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை அவர்களுடையது. சங்கற்பத்தில் ஐயர் அவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒலிபெருக்கியில் சொல்லுவார். பூசை முடிந்ததும் முதல் காளாஞ்சி அவர்கள் கையில் போகும். தட்டில் இருப்பது தேங்காய் மூடியும் வெற்றிலையும் வாழைப்பழமும்தான், ஆனாலும் அதை வாங்குகிற முகங்களைப் பார்க்கவேண்டும்! ஐந்தாம் திருவிழாக்காரர் இந்த வருடம் லண்டனுக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த நாளுக்கு ஆள் இல்லை.

இன்று முதியோர் இல்லத்துச் சமையலறையில் அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் தாதியாக இருக்கும் நிரோஜினி இறங்கி வந்தாள்.

“அன்ரி, அஞ்சாம் திருவிழாவை நாங்கள் எடுக்கலாமோ? அம்மாவின்ர நேர்த்தி. இந்த வருசம் விட்டால் பிறகு அம்மா இருப்பாவோ தெரியாது.”

தாய்க்கு இதயம் பலவீனம். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்களாம். “இதென்ன கேள்வி பிள்ளை, நான் கோயில் தலைவரோட கதைக்கிறன்” என்றேன். நல்ல காரியம் ஒன்று கைக்கு வந்ததில் எனக்கும் சந்தோசம்.

மே 5, ஞாயிறு

நிரோஜினி வீட்டுக்குப் போனேன். தாய் பெயர் பவளம், வயது எழுபத்தாறு. கதைக்கத் தொடங்கியதும்தான் தெரிந்தது, எங்கள் ஊர்! இத்தனை வருடம் கோயிலில் கண்டிருக்கிறேன், விசாரிக்கவில்லை. “ஊரில எவடம்?” என்று கேட்டேன். “குளத்தடி” என்றார். நான் கோயிலடி, இன்ன வீடு என்று சொன்னேன். உடனே கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டார், அந்த மூட்டு வலியோடு. இருங்கோ இருங்கோ என்று நான் கெஞ்சவேண்டியதாகிவிட்டது. பழைய ஆட்களின் மரியாதையே தனி.

தேநீர் கொண்டுவந்தார்கள். வயிறு சரியில்லை என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

திரும்பும்போது மழை. குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மே 8, புதன்

தலைவர் திருச்செல்வம் அண்ணையோடு கதைத்தாயிற்று. “நல்ல விசயம் தங்கச்சி, அஞ்சாம் திருவிழாவுக்குப் பேரைப் போடும்” என்றார். பிறகு, “அவை ஊரில எவடம்?” என்றார். குளத்தடி என்றேன். “ஓ” என்றார். வேறு ஏதோ கதைத்துவிட்டு வைத்தார்.

சலவை இயந்திரம் மறுபடி தண்ணீரைக் கொட்டுகிறது. என் புருசன் கருணாகரன் பார்க்கிறேன் என்கிறார். மூன்று மாதமாகப் பார்க்கிறார்.

மே 17, வெள்ளி

இந்த நாட்டின் தேசிய தினம். பட்டுச் சேலைக்கு மேலே மழை அங்கி. ஊர்வலம் முடிந்து நகரசபை மேடையில் தலைவர் கோட்டுச் சூட்டோடு நோர்வேஜிய மொழியில் பேசினார். இங்கே மனிதனை மனிதனாக மட்டும் பார்க்கிறார்கள், அதுவே எங்கள் சமயமும் சொல்வது என்றார். வெள்ளைக்காரர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மே 20, திங்கள்

விடுமுறை. பவளமக்காவின் நட்சத்திரம் கேட்டு எழுத நிரோஜினி வீட்டுக்குப் போனேன். விசாகம். தொலைபேசியில் கேட்டிருக்கலாம் என்று கருணாகரன் சொன்னார், நான்தான் மரியாதையாக நேரில் போனேன். பவளமக்கா ஐந்தாம் திருவிழாவுக்குக் கட்ட நீலக்கரைச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். அதைத் தொட்டுப் பார்த்து நல்ல சேலை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

பலகாரம் தந்தார்கள். பல் வலி.

மே 25, சனி

தலைவர் தொலைபேசி எடுத்தார். ஐந்தாம் திருவிழாவில் ஒரு சிக்கலாம். லண்டனுக்குப் போனவர்களின் மச்சான் குடும்பம் தங்களுக்குத்தான் உரிமை என்கிறதாம். சரி, உரிமை இருந்தால் என்ன செய்வது?

மே 28, செவ்வாய்

மனம் கேட்கவில்லை. லண்டனுக்கு எடுத்து, குடிபோன வீட்டு அம்மாவிடமே கேட்டேன். “மச்சானோ? அவர் வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராகி எட்டு வருசம்! ஞாயிறு எண்டால் கிட்டாரோட சபையில நிண்டு பாடுறார். அவருக்கென்ன திருவிழா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைப் பொய்! கழுத்து நிறைய உருத்திராட்சம் போட்டுக்கொண்டு தலைவர் சொல்வது, அம்மாளின் பெயரில் பொய்!

ஜூன் 2, ஞாயிறு

பூசை முடியத் தலைவரிடம் நேரே போய்க் கேட்டேன். மச்சான் கதையை அப்படியே விழுங்கிவிட்டார், அசையவில்லை. இப்போது புதுக் கதை. கோயில் சட்டவிதியான யாப்பின்படி உபயம் எடுக்கப் பத்து வருட அங்கத்துவம் வேண்டுமாம், நிரோஜினிக்கு ஏழுதான். அந்த யாப்பைத் தட்டச்சு செய்ததும் நான்தான்! அப்படி ஒரு வரி அதில் கிடையாது. “போன வருசம் திருத்தினது” என்றார். யார் திருத்தியது, எங்கே கூடித் திருத்தியது?

வீட்டுக்கு வந்து கருணாகரனிடம் கொட்டித் தீர்த்தேன். “இஞ்சேரும், உமக்கேன் இந்த வேலை? அடிச்சுக் குடுக்கச் சொன்னதை அடிச்சுக் குடும்” என்றார். ஒலிபெருக்கிப் பொறுப்பு அவருடையது. மைக் வேலை செய்தால் அவருக்குக் கோயில் நன்றாக நடக்கிறது.

இந்த நாட்டுக்கு நாங்கள் எல்லாரும் முதலில் வந்து இறங்கியது வடக்கே மீன் தொழிற்சாலைக்கு. திருச்செல்வம் அண்ணை என் பக்கத்து மேசையில் நின்றுதான் பதினொரு வருடம் கொட் மீனின் தலை வெட்டினார். குளத்தடிக் கந்தசாமியும் அவரும் ஒரே கட்டிலில். ஒருவர் பகல் வேலை, ஒருவர் இரவு வேலை, ஆள் மாறிப் படுப்பார்கள். ஒரு சட்டியில் கறி. அந்தக் குளிரில் எவடம் என்று எவரும் கேட்கவில்லை. சாமியைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் எங்களுக்குக் கேள்விகள் ஞாபகம் வந்திருக்கின்றன.

ஜூன் 6, வியாழன்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சமய பாடத்துக்காகக் கோயில் பார்க்க வந்தார்கள். வழக்கம்போல விளக்கம் சொல்வது நான். இந்துக்களுக்கு எல்லா உயிரும் ஒன்று, இந்த வீட்டின் கதவு எல்லாருக்கும் திறந்தது. பதினைந்து வருடமாக ஒப்பிக்கிறேன். சடை பின்னிய ஒரு சிறுமி கையை உயர்த்தி, “யார் வேண்டுமானாலும் திருவிழா நடத்தலாமா?” என்று கேட்டாள். தலைவர் பக்கத்தில்தான் நின்றார்.

“நடத்தலாம்” என்றேன்.

தலைவர் பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்தார்.

ஜூன் 9, ஞாயிறு

நிர்வாக சபைக் கூட்டம். நான் சபை அங்கத்தவர் இல்லை, ஆனால் போய்க் குந்திவிட்டேன். எழுப்ப ஒருவருக்கும் துணிவில்லை. யாப்பை மேசையில் போட்டு, எந்தப் பக்கத்தில் அந்த வரி என்று கேட்டேன். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். ஐயரிடம் கேட்டேன். “நான் கூலிக்கு மந்திரம் சொல்லுறவன் பிள்ளை. நிர்வாகம் எப்பிடியோ அப்பிடி” என்றார்.

கடைசியில் தலைவர் மூடியைத் திறந்தார். “தங்கச்சி, நான் உதெல்லாம் பாக்கிறவன் இல்லை. என்ர மகளின்ர சிநேகிதி ஆர், எவர் எண்டு நான் கேட்டதில்லை. ஆனால் சனம் கதைக்குது. குளத்தடிக்கு உபயம் குடுத்தால் தங்களுக்கு வேண்டாம் எண்டு மூண்டு குடும்பம் இப்பவே சொல்லிப்போட்டுது. மற்றவையும் விட்டிட்டுப் போனால் கோயிலை ஆர் நடத்துறது?”

“போறவை போகட்டும்” என்றேன்.

“நல்லாக் கதைக்கிறீர். அவை குளத்தடி எண்டு எனக்கு ஆர் சொன்னது? எனக்குத் தெரியுமே? நீர்தானே சொன்னனீர்!”

கூட்டம் முடிவெடுத்தது. நிரோஜினி குடும்பம் ஐந்தாம் நாள் பூசைக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்யலாம். பூ, பழம், அன்னதானம், எல்லாம். ஆனால் விஞ்ஞாபனத்திலும் சங்கற்பத்திலும் ‘அடியார்கள் உபயம்’ என்றுதான் வரும். பெயர் வராது. காளாஞ்சியை அடியார்கள் சார்பில் தலைவர் வாங்குவார்.

ஜூன் 10, திங்கள்

இல்லத்தில் இன்று மீன் உருண்டை, வெள்ளைச் சோஸ், கரட். எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 15, சனி

நடந்ததைச் சொல்லிவிடுவது என்று போனேன். பவளமக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நான் வாயைத் திறக்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

“இடம்பெயர்ந்து போய் ஒரு பள்ளிக்கூடத்தில கிடந்தனாங்கள். இவளுக்கு அஞ்சு வயசு, காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. மருந்தில்லை. எங்கட ஊர் அம்மாளை நினைச்சு அழுதன். உங்களுக்குத் தெரியுந்தானே, அங்க நாங்கள் வெளி வீதியில நிண்டு கும்பிடுறதுதான், உள்ளுக்கு விடமாட்டினம். அப்ப நான் சொன்னன், அம்மாளாச்சி, இவளை எனக்குத் தா. எங்களை உள்ளுக்கு விடுற உன்ர கோயில் எங்கையும் கிடைச்சால் ஒரு திருவிழா செய்யிறன், என்ர பேரை உனக்கு முன்னால ஐயர் சொல்ல நான் கேக்கவேணும் எண்டு.”

பிறகு சிரித்தார். “பாருங்கோ, கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறா. இந்த நகரத்துக்கு வந்து ஏழு வருசமா உள்ளுக்குப் போறன், ஒருத்தரும் மறிக்கேல்லை.”

பூ எவ்வளவு வேண்டும், வடை எத்தனை என்று கதைத்துவிட்டு எழுந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றேன். வீட்டுக்கு வந்து பசியில் நின்றுகொண்டே பாண் ரொட்டியைக் கிழித்துத் தின்றேன்.

ஜூன் 22, சனி

அடித்து முடித்தேன். முதலாம் திருவிழா, இன்ன ஊர், இன்னார் குடும்பம். இரண்டாம் திருவிழா, இன்ன ஊர், இன்னார் குடும்பம். எல்லா நாளுக்கும் ஊரும் பேரும் உண்டு. ஐந்தாம் நாளுக்கு மட்டும் ‘அடியார்கள்’. அந்த வரியை மூன்று தரம் அழித்தேன். மூன்று தரமும் நானே திரும்ப அடித்தேன்.

நான் அடிக்காவிட்டால் வேறு யாரும் அடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாருக்கும் அடிக்கத் தெரியாது என்று மே மாதம்தான் பெருமையடித்து எழுதியிருக்கிறேன்.

நிரோஜினிக்குச் சொல்ல இன்னும் நேரம் கிடைக்கவில்லை. ஒரே கட்டடத்தில்தான் வேலை.

ஜூலை 3, புதன்

விஞ்ஞாபனம் நேற்று எல்லா வீட்டுக்கும் தபாலில் போயிருக்கிறது. பதினொரு மணிக்கு நிரோஜினி அதைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். சீருடையோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல்.

“அடியார்கள் எண்டால் ஆர் அன்ரி?”

சபை முடிவு, மூன்று குடும்பம், தலைவர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் எவ்வளவு சண்டை பிடித்தேன் என்பதையும் சொன்னேன். அதை நீட்டியே சொன்னேன்.

“நாங்கள் எவடம் எண்டு அவைக்கு ஆர் சொன்னது?”

நான் கரட்டை நறுக்கத் தொடங்கினேன்.

“நான் இஞ்ச வளந்தனான். எனக்கு அந்தக் குளத்தடி எப்பிடி இருக்குமெண்டே தெரியாது. நீங்கள் முதல் நாள் அம்மாட்டைக் கேட்டனீங்கள், அப்பவே அம்மாவுக்கு விளங்கீட்டுது. எனக்குத்தான் விளங்கேல்லை. மூண்டு தரம் எங்கட வீட்டை வந்தனீங்கள். ஒருக்கா வயிறு, ஒருக்காப் பல்லு, ஒருக்காச் சாப்பிட்டிட்டு வந்தனான் எண்டு. ஒவ்வொரு தரமும் நீங்கள் போன பிறகு அம்மா அந்தக் கோப்பையைக் கழுவி வைப்பா. நீங்கள் தொடாத கோப்பை, அன்ரி. எனக்குத் தெரியக்கூடாதெண்டு கழுவி வைக்கிறவ.”

மேலே யாரோ மணியடித்தார்கள். போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். மே 5, வயிறு சரியில்லை. அன்று என் வயிற்றுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பல்லும் வலிக்கவில்லை. என்னுடைய நாட்குறிப்புக்கே நான் பொய் எழுதி வைத்திருக்கிறேன்! இதை வேறு யாரும் வாசிப்பதில்லை. யாரை ஏமாற்ற எழுதினேன்? எவடம் என்று நாங்கள் கேட்பது தபால் போடவா? சாதி கேட்கிறோம். நானும் அதைத்தான் கேட்டேன், விடை கிடைத்ததும் கோப்பையைத் தள்ளி வைத்தேன், போய்த் தலைவரிடம் கொடுத்தேன். அவர் பொய்யன் என்று ஒரு மாதமாகக் கொதிக்கிறேன். அவர் வாயால் செய்ததை நான் வயிற்றால் செய்திருக்கிறேன். அவராவது ஊருக்காகப் பயந்தார். என்னை அந்த அறையில் யார் பார்த்தார்கள்?

ஜூலை 4, வியாழன்

நித்திரை இல்லை. இன்றைக்குச் சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று மூன்று கிழவர் முறைப்பாடு.

ஜூலை 9, செவ்வாய்

போனேன். மன்னிப்புக் கேட்டேன். பவளமக்கா என் கையைப் பிடிக்கவுமில்லை, தட்டவுமில்லை. “நீங்கள் சொல்லாட்டியும் ஆரும் சொல்லியிருப்பினம்” என்றார். பிறகு, “ஆனால் நீங்கள்தான் சொன்னது” என்றார். கோபமில்லை, உள்ளதைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

திருவிழாவுக்கு வரவேண்டாம், உந்தக் கோயிலே வேண்டாம் என்று நிரோஜினி தாயோடு ஒரு கிழமையாகச் சண்டையாம். தாய் அசையவில்லை. “நான் ஏன் வராமல் விட? அடியார்கள் எண்டுதானே போட்டிருக்கு? நானும் அடியாள்தான். ஐயர் வாயில அந்த நேரம் என்ன வருதெண்டு ஆருக்குத் தெரியும்?”

இன்று தேநீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நாக்கு வறண்டுபோய் இருந்தது. கேட்டு வாங்கவும் வாய் வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கொடியேற்றம். நல்ல கூட்டம். ஒருவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பவளமக்காவை நிரோஜினி சக்கர நாற்காலியில் கொண்டுவந்தாள். நீலக்கரைச் சேலை. மூக்கில் ஒக்சிசன் குழாய். பெண்கள் பக்கம் பின்னுக்குத்தான் இடம் கிடைத்தது. முன்னுக்கு வழிவிடுங்கோ என்று நான் கேட்டேன். சிலர் நகர்ந்தார்கள், சிலர் தேவாரத்தில் மூழ்கிவிட்டார்கள். அவர்களுடைய பூ, அவர்களுடைய பழம், அவர்களுடைய சேலை அம்மாளின் இடுப்பில். அவர்களுக்கு இடம் இல்லை.

சங்கற்பம் தொடங்கியது. ஐயர் பழக்கத்தில், “உபயகாரர் பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார். தலைவர் குனிந்து, “அடியார்கள் எண்டு சொல்லுங்கோ ஐயா” என்றார்.

நான் கத்தினேன். “பவளம்! விசாக நட்சத்திரம்! மகள் நிரோஜினி!”

இருநூறு பேர் திரும்பினார்கள். நாதசுரம்கூட நின்றுவிட்டது. ஐயர் என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்தக் கணம் தலைவர் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பி, “கருணா, மைக்கை நிப்பாட்டும்” என்றார்.

என் புருசன் நிற்பாட்டினார்.

ஐயரின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் நின்ற இடத்துக்குக் கேட்கவில்லை. மைக் திரும்பி வந்தபோது மந்திரம் எங்கேயோ போய்விட்டிருந்தது. காளாஞ்சியைத் தலைவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூசை முடிந்ததும் ஐயரைப் போய்ப் பிடித்தேன். சொன்னீர்களா இல்லையா? “சொன்னனான் பிள்ளை” என்றார், மடப்பள்ளிக் கதவைப் பார்த்தபடி. “மெல்லமாச் சொன்னனான். அம்மாளுக்குக் கேட்டிருக்கும்.”

அம்மாளுக்கு என்ன காது மந்தமா? மனிசர் நினைப்பதே அவளுக்குக் கேட்கும் என்று சொல்லித்தானே தட்டை நீட்டுகிறீர்கள்? கேட்கவேண்டியது பவளத்துக்கு! இருபத்தெட்டு வருடமாக அந்தக் காது அதற்குத்தான் காத்திருந்தது. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். இப்படி நான் ஐயரோடு கதைப்பேன் என்று நினைத்ததில்லை.

வெளியே வாகனத்தில் ஏற்றும்போது பவளமக்கா என் சேலையைப் பிடித்தார். “என்ர பேரைச் சொன்னவரோ?”

நிரோஜினி என்னைப் பார்த்தாள். ஆம் என்று சொல்லிவிட்டால் அந்த மனுசி நிம்மதியாகப் போகும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் நான் சொல்லவேண்டிய பொய்களைச் சொல்லி முடித்துவிட்டேன்.

“மைக்கை நிப்பாட்டிப்போட்டினம் அக்கா. மெல்லமாச் சொன்னனான் எண்டு ஐயர் சொல்லுறார். எனக்குக் கேக்கேல்லை.”

“எனக்கும் கேக்கேல்லை” என்றார். குழாயைச் சரிசெய்துகொண்டு மூச்சு வாங்கினார். “அப்ப நேர்த்தி அப்பிடியே கிடக்கு. நிரோ, அடுத்த வருசத்துக்கு இப்பவே சொல்லி வை.”

நிரோஜினி கதவைச் சாத்திவிட்டு வாகனத்தின் மறுபக்கம் போய் நின்று அழுதாள்.

வீட்டில் கருணாகரனிடம், ஏன் நிற்பாட்டினீர்கள் என்று கேட்டேன். “தலைவர் சொன்னவர்” என்றார். தொலைக்காட்சியை நிற்பாட்டுங்கள் என்று முப்பது வருடமாகச் சொல்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை!

ஜூலை 17, புதன்

பவளமக்காவை ஆசுபத்திரியில் வைத்துவிட்டார்கள்.

ஜூலை 20, சனி

தேர். போகவில்லை. யன்னல் சீலைகளைத் தோய்த்தேன். சலவை இயந்திரத்தை நானே ஆள் கூப்பிட்டுத் திருத்துவித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

காலை ஆறு மணிக்குப் பவளமக்கா போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தகனம். தலைவர் கறுப்புச் சூட்டோடு வந்து, கோயில் சார்பில் இரங்கல் உரை. “அம்மாளின் சந்நிதியில் தன்னைக் கரைத்துக்கொண்ட பெருமாட்டி பவளம் அம்மையார்” என்றார். நல்ல தெளிவான குரல், மைக் ஒரு இரைச்சலும் இல்லாமல் வேலை செய்தது. பெயரை நான்கு தரம் சொன்னார். நான் எண்ணினேன். செத்த பிறகு சொல்ல மட்டும் எந்தக் குடும்பமும் மறிக்கவில்லை! எழுந்துபோய் அந்தக் கடதாசியைப் பறித்துக் கிழிக்கவேண்டும் போல இருந்தது. நிரோஜினியின் முகத்தைப் பார்த்து அடங்கினேன்.

பிறகு நிரோஜினி வீட்டுக்குப் போனோம். வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். சாவுத் தீட்டான துடக்கு சொந்தத்துக்குத்தான்; துடக்கு வீட்டில் சொந்தக்காரர்தான் சாப்பிட்டுக் கை நனைப்பார்கள், பிறத்தியார் தங்கள் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுவார்கள். அங்கே சொந்தமென்று நிரோஜினியும் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு சித்தியும் மட்டும். நான் குசினிக்குள் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பருப்பும் பூசணிக்காயும். யாராவது பார்க்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, அது எனக்கே வெட்கமாக இருந்தது.

நிரோஜினி பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். அவள் என்னோடு அளந்துதான் கதைக்கிறாள், அளக்கட்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் கருணாகரன் கொட் மீன் வெட்டி மஞ்சள், உப்புப் போட்டுப் பொரிக்க வைத்திருந்தார். பதினொரு மணிக்குத் தொலைபேசி. தலைவர்.

எதுவும் நடக்காத மாதிரிக் குரல். வருகிற சனிக்கிழமை நகரபிதா கோயிலுக்கு வருகிறாராம், பத்திரிகைக்காரரும் வருவார்களாம். “வழக்கம்போல நீர்தான் தங்கச்சி விளக்கம் சொல்லவேணும். உம்மை மாதிரிச் சொல்ல எங்களிட்டை வேற ஆள் இல்லை.”

“வரேலாது அண்ணை. எனக்குத் துடக்கு.”

“ஐயோ, என்ன சொல்லுறீர்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! உங்கட பக்கத்திலயோ, கருணாவின்ர பக்கத்திலயோ? ஊரிலயோ?”

“இஞ்சதான். பவளமக்கா.”

குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, துடக்கு எண்டது சொந்தத்துக்குத்தான்” என்றார்.

“எனக்கும் தெரியும் அண்ணை. சொந்தத்துக்குத்தான். முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியும் வரைக்கும் கோயிலுக்கு வரமாட்டன், வீட்டில மீன், மச்சம் ஒண்டும் இல்லை.”

“நீர் என்ன கதைக்கிறீரெண்டு விளங்கித்தான் கதைக்கிறீரோ? உது வெளியில போனால் சனம் உங்களையும் அவையளோட சேத்துத்தான் பாக்கும். உமக்கொரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. நாளைக்குச் சம்பந்தம் பேசி வாறவை—”

“வாறவைக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ அண்ணை. எங்கட வீட்டில எல்லாருக்கும் துடக்கெண்டு.”

வைத்துவிட்டேன். மகளைக் கேட்காமல் அவளையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பின்னேரம் ஒஸ்லோவுக்கு எடுத்து அவளிடம் சொல்லவேண்டும்.

திரும்பிப் பார்த்தால் கருணாகரன் குசினி வாசலில் நிற்கிறார், கையில் அகப்பை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. உமக்கேன் இந்த வேலை என்று தொடங்கப்போகிறார் என்று நானும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஆயத்தமானேன். இன்றைக்கு மைக் கதையையும் சேர்த்து ஒரு முடிவு கட்டுவது என்றிருந்தேன்.

அவர் போய் அடுப்பை அணைத்தார். மஞ்சள் தடவி வைத்த மீனையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டி, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்து மூடினார். கையைக் கழுவினார்.

“பருப்புக் கிடக்கோ?” என்று கேட்டார்.